அழுக்கு எங்கே போகிறது? யோகம் சொல்லும் தூய்மை

கொழும்பில் யோகா வகுப்புக்குக் குறைவில்லை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் பின்னேரங்களில் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிறவர்களைக் காணலாம். முதுகு வலி, சீனி வருத்தம், பிரஷர், வேலை அலுப்பு என்று ஆளுக்கொரு காரணம். சூரிய நமஸ்காரம் செய்வார்கள், சவாசனத்தில் இரண்டு பேர் குறட்டையும் விடுவார்கள். நல்லதுதான். ஆனால் பதஞ்சலியின் யோக சூத்திரம் சொல்லும் எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவதாகத்தான் வருகிறது. அதற்கு முன்னால் இயமம், நியமம் என்று இரண்டு இருக்கின்றன. பெரும்பாலான வகுப்புகள் அந்த இரண்டையும் தாண்டிக் குதித்து நேரே மூன்றாவதில் இறங்கிவிடுகின்றன.

இயமம் என்பது மற்றவர்களோடு நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பது: இம்சை செய்யாமை, பொய் சொல்லாமை, களவெடுக்காமை, பிரமசரியம், பொருளைக் குவிக்காமை. நியமம் நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் ஒழுங்கு. அது ஐந்து: தூய்மை, இருப்பதில் நிறைவு, தவம், தன்னை அறியப் படிப்பது, இறைவனிடம் ஒப்படைப்பது. இந்த ஐந்தில் முதலாவதான தூய்மைக்கு வடமொழியில் சௌசம் என்று பெயர். திருமூலர் நியமத்தைப் பத்தாக விரித்தார். அவரும் 'தூய்மை அருளூண் சுருக்கம் பொறைசெவ்வை' என்று தூய்மையில்தான் தொடங்கினார்.

தூய்மைதானே, அது எங்களிடம் வேண்டிய மட்டும் இருக்கிறதே என்று தோன்றும். காலையில் குளிக்காமல் குசினிக்குள் போகாத அம்மாமார், வாசலில் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தால் முகம் சுளிக்கும் அப்பாமார். இதற்கு யோக நூல் எதற்கு?

சூத்திரத்துக்கு வியாசர் பெயரில் வழங்கும் பழைய உரை தூய்மையை இரண்டாகப் பிரிக்கிறது. மண், நீர் போன்றவற்றால் கழுவுவதும் சுத்தமான உணவை உண்பதும் புறத் தூய்மை. மனதில் படிந்த அழுக்குகளைக் கழுவுவது அகத் தூய்மை. மண் என்றதும் திகைக்க வேண்டாம், சவர்க்காரம் வராத காலத்துச் சவர்க்காரம் அது. இதில் எனக்குப் பிடித்த இடம் சாப்பாடு. வயிற்றுக்குள் போகிற பொருளாக இருந்தும் உரைகாரர் அதைப் புறக் கணக்கில்தான் எழுதியிருக்கிறார். வெள்ளிக்கிழமை மரக்கறி சாப்பிட்டதோடு உள்ளமும் சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறவர்கள் இன்னும் வாசற்படியில்தான் நிற்கிறார்கள்.

வள்ளுவரும் இதே பிரிவைத்தான் செய்தார். 'புறந்தூய்மை நீரான் அமையும் அகந்தூய்மை வாய்மையால் காணப் படும்' என்ற குறளை அவர் வாய்மை அதிகாரத்தில் வைத்திருக்கிறார். குளித்தது போதும், இனி உண்மையைச் சொல் என்கிற மாதிரி.

அப்படியானால் புறத்தை விட்டுவிட்டு அகத்தை மட்டும் பார்த்தால் போதுமா? 1897 ஜனவரி 15ஆம் திகதி கொழும்பில் வந்து இறங்கிய விவேகானந்தர், அதற்கு முந்திய ஆண்டு வெளிவந்த தமது ராஜ யோகம் நூலில் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். இரண்டும் வேண்டும். இரண்டும் முடியாதபோது அகத் தூய்மை மேல். ஆனால் இரண்டும் கைகூடும்வரை ஒருவன் யோகியாக முடியாது. சாமியாரைப் போல இருக்கிறேன் என்று குளிக்காமல் திரிகிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

சரி, முதலில் புறம். கொழும்பு வீடுகளுக்குப் புறத் தூய்மையைப் பாடம் எடுக்கிறது நுளம்பு. டெங்கு நுளம்பு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. தெளிந்து தேங்கி நிற்கும் தண்ணீர்தான் அதற்கு விருப்பம். சாமிப் படத்துக்கு முன்னால் பூப்போட்டு வைத்த செம்பு, பூச்சாடியின் அடித்தட்டு, மொட்டை மாடியில் யாரோ விட்டுப்போன வாளி, எல்லாம் அதற்கு வீடு. பிரிட்ஜைச் சுவரிலிருந்து கொஞ்சம் இழுத்துப் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். கீழே, மோட்டருக்கு மேலே, ஒரு கறுப்புத் தட்டு இருக்கும். ஐஸ் உருகி வடிந்த தண்ணீர், அதன் மேல் மெல்லிய தூசிப் படலம், ஓரத்தில் கரப்பான் பூச்சியின் ஒற்றைச் செட்டை. தண்ணீர் என்னவோ தெளிவாகத்தான் தெரியும். அதை வெளியே ஊற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்போம். முடியாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தட்டின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்து போனாலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்து, திரும்பத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தும்பால் அழுத்தித் தேய்த்துக் கழுவினால்தான் போகும். 2017இல் இந்த நாட்டில் 180,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. அந்த ஆண்டில் கூடம் பளபளத்த வீடுகளிலும் காய்ச்சல் படுத்துக் கிடந்தது.

விருந்தினர் வருவதற்கு முன்னால் கூடத்தைக் கூட்டுவது மரியாதை. யாரும் பார்க்காத தட்டைத் தேய்ப்பதில்தான் சௌசம் தொடங்குகிறது.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் எங்கள் ஆட்களுக்கு அது தெரியும். குளிப்பு, தோய்த்த உடுப்பு, வெட்டிய நகம். சாப்பாட்டில் புதிதாகச் சமைத்ததும் அளவாகச் சாப்பிடுவதும். திருமூலர் தூய்மைக்குப் பக்கத்திலேயே 'ஊண் சுருக்கம்' என்று போட்டிருப்பதைக் கொழும்புக் கடைகளின் மதியச் சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போது நினைத்துக்கொள்ளலாம். ஒரு பார்சலில் இரண்டு பேருக்கான சோறு இருக்கும், நாம் தனி ஆளாக முடித்துவிட்டுப் பின்னேரம் மேசையில் தூங்கி விழுவோம்.

அப்புறம் கிரியைகள். மூக்கில் தண்ணீர் விடும் நேதி, துணியை விழுங்கி வயிற்றைச் சுத்தம் செய்யும் தௌதி என்று அடயோகத்தில் ஆறு சுத்திகள் உண்டு. யூடியூப்பில் பார்த்துவிட்டு இதுதான் யோகத் தூய்மை என்று சிலர் உடனே தொடங்கிவிடுகிறார்கள். அடயோகத்தின் பழைய நூலான அடயோகப் பிரதீபிகையே இவற்றைக் கொழுப்பும் கபமும் மிகுந்தவர்களுக்கு உரியவை என்கிறது, மற்றவர்களுக்குத் தேவையில்லை என்றும் சொல்லிவிடுகிறது. நேதி செய்தே ஆக வேண்டும் என்றால் தெரிந்த ஆசிரியரிடம் கற்று, கொதிக்க வைத்து ஆறிய உப்புத் தண்ணீரில் செய்யுங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விடக்கூடாது. அபூர்வமாக அதில் இருக்கக்கூடிய அமீபா வகை ஒன்று மூக்கு வழியே மூளைக்குப் போய் உயிரையே எடுத்துவிடும். 'உடம்பின் நஞ்சை வெளியேற்றும்' என்று விற்கும் தேயிலைப் பொதிகளுக்கு யோகத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. நஞ்சை வெளியேற்ற ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன, சம்பளம் கேட்காமல் வேலை செய்கின்றன.

இனிச் சிக்கலான இடம். தூய்மையில் நிலைத்தால் என்ன நடக்கும் என்று பதஞ்சலி ஒரு சூத்திரத்தில் சொல்கிறார் (2.40): தன் உடம்பின் மேலேயே ஓர் அருவருப்பு வரும், பிறரோடு கலக்கும் விருப்பம் போகும். முதல்முறை வாசிக்கிறவர்களுக்கு இது தூக்கிவாரிப் போடும். உரைகாரர் இதை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்றால், எவ்வளவு கழுவினாலும் மறுநாள் திரும்ப அழுக்காகிற உடம்பு இது என்று தெரிந்துகொண்டவனுக்கு உடம்பின் மேலிருந்த மயக்கம் கழன்றுவிடும். தன் உடம்பிலேயே மயக்கம் இல்லாதவன் மற்றவர் உடம்பின் மேல் மோகம் கொண்டு போவானா? துறவிக்கு இது பொருத்தமான வழி. பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச வேண்டிய, படுக்கையில் கிடக்கும் தகப்பனைத் துடைத்துவிட வேண்டிய குடும்பஸ்தனுக்கு?

இங்கே எனக்குத் திருமூலர் பக்கம்தான் மனம் சாய்கிறது. 'உடம்பினை முன்னம் இழுக்கென் றிருந்தேன்' என்று அவர் தொடங்குகிறார். அதாவது பதஞ்சலியின் சூத்திரம் சொல்லும் அந்த இடத்தில் அவரும் நின்றிருக்கிறார். பிறகு 'உடம்பினுக் குள்ளே உறுபொருள் கண்டேன்' என்று திரும்புகிறார். உத்தமன் அதற்குள் கோயில்கொண்டிருக்கிறான் என்று கண்ட பிறகு 'உடம்பினை யானிருந் தோம்புகின் றேனே' என்று முடிக்கிறார். கோயிலைக் கழுவுகிறவருக்குக் கோயில் மேல் அருவருப்பு வருமா? தமிழில் யோகத்தைப் படிக்கிறவர்களுக்கு இந்த இரண்டு வழியும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பெரிய வசதி.

ஆனால் அந்த 'பிறரோடு கலவாமை' வேறு ஒரு விதத்தில் எங்கள் வீடுகளுக்குள் புகுந்திருக்கிறது. தன்னைப் பார்த்துத் திருப்ப வேண்டிய தூய்மையை மற்றவர்களைப் பார்த்துத் திருப்பினால் அதற்குப் பெயர் சாதி. வெள்ளவத்தை மாடி வீடுகளில் நல்ல படிப்பும் நல்ல வேலையும் உள்ள எத்தனையோ குடும்பங்களில், துப்புரவு வேலைக்கு வருகிற அம்மாவின் தேத்தண்ணிக் கோப்பை தனியாக இருக்கும். பெரும்பாலும் காது உடைந்தது. மற்றக் கோப்பைகளோடு கழுவாமல், குசினி யன்னல் ஓரமாகக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். அவர் கழுவிய கோப்பையில் நாங்கள் குடிக்கலாம், நாங்கள் கழுவிய கோப்பையில் அவர் குடிக்கக்கூடாது. கேட்டால் 'சுத்தம்' என்பார்கள். துடக்கு, தீட்டு என்று பெண்களை மூலையில் இருத்துவதும் இதே கணக்குத்தான். தீட்டு என்று சொல்லித் தினமும் முழுகுகிறவர்களைப் பார்த்து, அந்தத் தீட்டிலிருந்து அல்லவா உன் உடம்பே திரண்டது என்று சிவவாக்கியர் கேட்டுப் பல நூற்றாண்டு ஆகிறது. சூத்திரத்தில் இந்தக் கோப்பைக்கு இடமே இல்லை. அருவருப்பு வரும் என்று பதஞ்சலி சொன்னது தன் உடம்பின் மேல். கோப்பையை எடுத்து வைக்கிறவர்களுக்கு அருவருப்பு அடுத்தவர் மேல் வருகிறது, தன் உடம்பில் பெருமைதான் வருகிறது.

தூய்மையைப் பற்றி நான் கேட்கச் சொல்லும் கேள்வி இதுதான்: நான் சுத்தமாகும்போது என் அழுக்கு எங்கே போகிறது? யார் கையில் போய்ச் சேருகிறது?

கொழும்பில் இந்தக் கேள்விக்கு ஒரு திகதி இருக்கிறது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு. அன்று காலை எங்கள் வீடுகளில் வழக்கம்போல மருத்து நீர். கோயிலிலிருந்து போத்தலில் வாங்கி வந்து, பஞ்சாங்கம் சொன்ன இலையைத் தலையிலும் காலடியிலும் வைத்து, பெரியவர் கையால் தேய்த்து முழுகுகிற நாள் அது. அதற்கு முந்திய நாட்களில் வீட்டை ஒதுக்கி, பழசுகளை எல்லாம் கட்டி வெளியே போட்டிருப்போம். அன்று பின்னேரம் கொலன்னாவையில் மீதொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்து பக்கத்து வீடுகளை மூடியது. 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மலையை வேறு யாரும் கட்டவில்லை. கொழும்பு வீடுகள் ஆண்டுக்கணக்காக 'சுத்தமாகி'ச் சேர்ந்ததுதான் அது. பிறகு நகரத்துக் குப்பையைப் புத்தளம் மாவட்டத்தின் அருவக்காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் ஆட்கள் இருக்கிறார்கள்.

யோக சூத்திரம் இம்சை முதலிய தீமைகளை மூன்று விதமாகப் பிரிக்கிறது (2.34): நாமே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, நடக்கும்போது சம்மதித்து இருப்பது. குப்பை விஷயத்தில் நாங்கள் எல்லோரும் மூன்றாவதில் இருக்கிறோம். ஆகவே உக்கும் குப்பையையும் உக்காத குப்பையையும் பிரித்து வைப்பதை மாநகர சபையின் தொந்தரவாக எடுக்காமல் சௌசமாகவே எடுத்துக்கொள்ளலாம். மீன் செதிலும் பொலித்தீனும் கலந்த பையைத் திறந்து வெறுங்கையால் பிரிக்கப்போவது இன்னொருவர். உடைந்த கண்ணாடிக் கோப்பையைப் பத்திரிகைத் தாளில் தடிப்பாகச் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று எழுதிப் போடுங்கள், முடிந்தால் சிங்களத்திலும் எழுதுங்கள். ஒரு நிமிட வேலை. சாம்பிராணிக்கு அதைவிட நேரம் எடுக்கும்.

காசும் இப்படித்தான். எல்லாத் தூய்மைகளிலும் பொருள் விஷயத்தில் தூய்மையே மேலானது, காசில் சுத்தமானவனே சுத்தமானவன், மண்ணாலும் நீராலும் கழுவியவன் அல்ல என்று ஒரு பழைய சுலோகம் இருக்கிறது. எங்கே என்று பார்த்தால் மனு தர்ம சாத்திரத்தில் (5.106)! சாதித் தீட்டுக்கு விதிகளை அடுக்கிய அதே நூலில். அதை மேற்கோள் காட்டி ஆசாரம் பேசுகிறவர்கள் இந்த ஒரு சுலோகத்தை மட்டும் ஏனோ மறந்துவிடுகிறார்கள். புறக்கோட்டையில் கடை வைத்திருக்கிறவருக்குச் சௌசம் என்பது தராசும், வேலையாட்களின் ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டிய 12 வீதமும். சம்பளத்தில் 8 வீதத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் கட்டாமல் விட்டு, கடை வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்து என்ன பலன்? வீட்டில் இருக்கிறவர்களுக்கு அது சீட்டுக் காசைச் சொன்ன திகதியில் கொடுப்பது, பஸ்ஸில் கூடுதலாக வந்த மிச்சத்தைத் திருப்பிக் கொடுப்பது.

இவ்வளவுக்கும் பிறகுதான் அகம். அகத் தூய்மையால் வருகிறவற்றை அடுத்த சூத்திரம் (2.41) வரிசையாகச் சொல்கிறது: உள்ளம் தெளிகிறது, அதனால் மன மகிழ்ச்சி, அதனால் ஒருமுகப்பாடு, அதனால் புலன்களின் மேல் ஆட்சி, கடைசியில் தன்னைத் தான் காணும் தகுதி. ஒன்றன் பின் ஒன்றாக வருகின்றன என்பது முக்கியம். தியானத்தில் மனம் நிற்கவில்லை என்று முறையிடுகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாவதில் தொடங்கப் பார்க்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு லாம்புச் சிமினி நினைவிருக்கும். கரி பிடித்துவிட்டால் திரியை எவ்வளவு தூண்டினாலும் வெளிச்சம் கூடாது, புகைதான் கூடும். சாம்பலும் துணியும் கொண்டு சிமினியைத் துடைக்க வேண்டும். யோகம் சொல்லும் அகத் தூய்மை அந்த வேலை. ஒளியை எங்கிருந்தும் கொண்டுவரத் தேவையில்லை.

கரி எது? பொறாமை, பழைய கோபம், அடுத்தவர் விழுந்தால் வருகிற சின்னச் சந்தோஷம். துடைப்பதற்கு இரண்டு வழி சொல்லப்பட்டிருக்கிறது. ஒன்று, தீய எண்ணம் வரும்போது அதற்கு எதிரான எண்ணத்தை வேண்டுமென்றே கொண்டுவருவது (2.33). வாட்ஸ்அப்பில் ஒருவரைப் பற்றிய கதை வருகிறது, அதை நாலு பேருக்கு அனுப்பக் கை துடிக்கிறது. அந்த நேரத்தில் அதே ஆள் எப்போதோ செய்த ஒரு உதவியை நினைப்பது. கோபத்தை அடக்குவதைவிட இது லேசானது, செய்து பார்த்தால் தெரியும். கதை உண்மையாகவே இருந்தாலும் நாலு பேருக்கு அனுப்பத் தேவையில்லை.

மற்றது யோக சூத்திரத்தின் முதல் பாதத்தில், அதாவது முதல் அத்தியாயத்தில், வருகிறது (1.33): சுகமாக இருப்பவரிடம் நட்பு, துன்பப்படுகிறவரிடம் கருணை, நல்லது செய்கிறவரிடம் மகிழ்ச்சி, கெட்டது செய்கிறவரிடம் கண்டுகொள்ளாமை. இந்த நாலும் மனதைத் தெளிவாக்கும் என்கிறார் பதஞ்சலி.

வாசிக்க லேசு. ஆனால் வரிசையைப் பாருங்கள், முதலாவதே எங்கள் ஆட்களுக்குப் பெரும் பாடு. சாவு வீட்டுக்கு எல்லோரும் போவோம், சமைத்துக் கொடுப்போம், இரவிரவாக இருப்போம். கருணையில் குறை சொல்ல முடியாது. அதே சொந்தக்காரர் காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம் மாடி வீடு வாங்கினால், பிள்ளைக்குக் கனடா விசா கிடைத்தால், எங்கள் வாயிலிருந்து வருவது என்ன? 'அவைக்கு எங்கால காசு?' தொடங்குகிறவர்கள் கருணையை விட்டுவிடலாம், அது தானாக நடக்கும். நட்பில் தொடங்குங்கள். நல்ல செய்தி வந்த வீட்டுக்கு அன்றைக்கே போன் எடுத்து, கேள்வி எதுவும் கேட்காமல், சந்தோஷம் என்று சொல்லிவிட்டு வைப்பது. சொல்லும்போது தொண்டையில் எங்கே சிக்குகிறது என்று கவனித்தால் கரி எங்கே பிடித்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

நாலாவதில் மட்டும் ஓர் எச்சரிக்கை. கண்டுகொள்ளாமை என்பதைத் துணைக்கு வைத்துக்கொண்டு அநியாயத்தைப் பார்த்தும் பேசாமல் இருக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சம்மதித்து இருப்பதும் செய்ததில் சேரும் என்று எழுதியவரும் இதே பதஞ்சலிதான். பேச வேண்டியதைப் பேசலாம், முறைப்பாடு கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்கலாம். அதை முடித்துவிட்டு, அந்த ஆளை இரவுச் சாப்பாட்டு மேசைக்கும் கூட்டிக்கொண்டு வராமல் இருப்பதற்குத்தான் கண்டுகொள்ளாமை.